மாற்று வாசகம்

பதினொன்று அடிக்க இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. அம்பலவாணன் பிளாஸ்டிக் நாற்காலியைப் புங்கமரத்து நிழலுக்குள் இன்னும் ஓரடி இழுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை அட்டையில் செருகியிருந்த தாளை மறுபடியும் பார்த்தார். பதினோரு வாசகங்கள். பத்துக்கு நேரே 'அனுமதி' என்ற ஊதா முத்திரை. ஏழாவதன் மேல் மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்த ஒரே ஒரு நேர்கோடு. பக்கத்தில், 'மாற்று வாசகம்' என்ற கட்டத்துக்குள், அவர் கைப்பட எழுதிய ஒரு வரி. பல்கலைக்கழகத்தில் யார் கோஷம் போடுவதென்றாலும் ஏழு நாள் முன்னதாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும், கோஷங்களை இரண்டு பிரதி எழுதித் தர வேண்டும், பழைய சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்துக்குள் நின்று, பதினொன்றிலிருந்து ஒன்று வரை, மைக் இல்லாமல், மேளம் இல்லாமல், செல்போனில் படம் பிடிக்காமல், அனுமதித்ததை மட்டுமே சொல்ல வேண்டும் என்று விதி வந்து இரண்டு வருஷமாகிறது. வாசகங்களைப் படித்து, ஆகாததை அடித்து, அடித்த இடத்தில் ஆகிற ஒன்றை எழுதித் தருவதும், அன்றைக்கு நேரில் வந்து உட்கார்ந்து எது எத்தனை தடவை சொல்லப்பட்டது என்று குறிப்பதும் பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளரான அவருடைய வேலை. பட்டாளத்தில் இருந்து வந்த செக்யூரிட்டி தேவசகாயம் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போடுவார். "கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதுற மாதிரி உக்காந்திருக்கீங்க சார்" என்றார் தேவசகாயம். "வைடு, நோ பால் எல்லாம் குறிச்சிருவீங்க." அம்பலவாணன் சிரிக்கவில்லை. ஏழாவது வரியில் அவர் கண் சிக்கிக்கொண்டிருந்தது, சட்டை ஆணியில் மாட்டிக்கொள்வது போல.

பூட்டுற கை உங்க கை, திறக்கிற கை எங்க கை. கோட்டுக்கு அடியிலும் அது தெளிவாகத் தெரிந்தது. ஒரு கோடு போதாது. அவர் மனைவி திலகவதி மளிகைச் சீட்டில் ஒரு சாமானை அடித்தால் இரண்டு கோடு போட்டு, கடைசியில் அழுத்தி ஒரு புள்ளி வைப்பாள், ஆணி அடிப்பது மாதிரி. ஏன் அந்தப் புள்ளி என்று கேட்டால், "இல்லாட்டி எந்திரிச்சு வந்துரும்" என்பாள். இந்த வரி எழுந்து வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் கழித்து, போன வாரம் திங்கட்கிழமை, பொருளாதாரம் இரண்டாம் வருஷம் படிக்கிற பவதாரணி என்ற பெண் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டிய தாளில், நூலகத்தை ஆறு மணிக்கே பூட்டுவதை எதிர்த்து எழுதிய பதினோரு வரியில் ஏழாவதாக, ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அவர் கை தானாக ஸ்கேலை எடுத்தது. "இது ஏன் சார்?" என்று கேட்டாள் அவள். "விதி ஒன்பது. அலுவலர்களைச் சுட்டுற சொல் கூடாது. 'உங்க'ன்னு இருக்கு." "உங்கன்னா யாரு சார்? பேரே இல்லையே." "பேர் இல்லாததுதாம்மா பிரச்சினை. யாருக்கு வேணும்னாலும் பொருந்தும்." அந்தப் பதில் அவருக்கே பிடித்திருந்தது. விதி ஒன்பது அந்த நேரத்துக்குக் கிடைத்த குடை, அவ்வளவுதான். இதைவிடக் காரமான வரிகளுக்கு முத்திரை குத்தியவர் அவர். இந்த வரி உனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மருதப்பன் என்ற பெயர் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மருதப்பனை அவர் பார்த்ததேயில்லை. அதுதான் வேதனை. பார்த்திருந்தால் மூக்கு இப்படி, நடை இப்படி என்று ஏதாவது ஒன்றைப் பிடித்து வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். எண்பத்தொன்பதில் அவருக்கு இருபத்திரண்டு வயசு, இதே நிர்வாகக் கட்டடத்தில் கோப்பு தூக்கும் வேலை. மாணவர்கள் ஊர்வலமாக வருகிறார்கள் என்றதும் ஷட்டரை இறக்கச் சொன்னார்கள். இறக்கியது அவர். குனிந்து பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியை மேலதிகாரியிடம் கொடுக்காமல் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டது அவர். இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் 'பூட்டுற கை உங்க கை' என்றது; ஐந்நூறு குரல் 'திறக்கிற கை எங்க கை' என்றது; ஒவ்வொரு தடவையும் ஷட்டர் அதிர்ந்தது, அதில் வைத்திருந்த அவருடைய உள்ளங்கையும் அதிர்ந்தது. அந்த ஐந்நூறில் ஒன்று அவள் குரல். அவருக்கு அன்றைக்கு அது தெரியாது. மூன்று வருஷம் கழித்து, சொந்தத்தில் யாரோ சொல்லி, எம்.ஏ. படித்த பெண் வெறும் பிளஸ் டூக்காரனுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம் என்று எல்லாரும் முகத்துக்கு நேரே சொல்லி, கல்யாணமாகி, வீட்டுக்கு வந்த இரண்டாம் மாசம் ஊறுகாய் பாட்டிலின் மூடி திறக்காமல் அவர் முகம் சிவந்து நின்றபோது, அவள் வாங்கி முந்தானையில் சுற்றி ஒரு திருகு திருகிக்கொண்டே சொன்னாள்: "பூட்டுற கை உங்க கை, திறக்கிற கை எங்க கை." மூடி திறந்தது. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

அதிலிருந்து எது திறக்காவிட்டாலும் அவளுக்கு அந்த வரிதான். பீரோச் சாவி, ஹார்லிக்ஸ் பாட்டில், மழையில் உப்பிய கழிவறைக் கதவு. இரண்டு பாதியையும் அவளே சொல்லிக்கொள்வாள். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவில் ஒரு நொடி விடுவாள், யாராவது எடுத்துக்கொள்வார்களா என்பது போல. அப்புறம் அவளே முடிப்பாள். அவர் பேப்பர் படிக்கிற மாதிரி இருப்பார். ஒருநாள், கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும், தாங்க முடியாமல் கேட்டார். "அது யாரு சொன்னது?" "எது?" "அந்தப் பூட்டு." "ஓ, அதுவா. மருதப்பன் சொல்லுவான், நாங்க திருப்பிச் சொல்லுவோம்." "எப்படி இருப்பான்?" அவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏன், பொறாமையா? அவனுக்குப் பல்லு எடுப்புங்க. கோஷம் போட்டா முன் வரிசைக்கு மழை பெய்யும்." அந்தச் சிரிப்பைத்தான் அவர் வைத்துக்கொண்டார், பல்லை அல்ல. முன் வரிசை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முன் வரிசையில் நின்றாளா? அவளுடைய டிரங்குப் பெட்டியில் பழைய செய்தித்தாள் நறுக்கு ஒன்று இருந்தது. ஊர்வலத்தின் மங்கலான படம். ஓரத்தில் பாதித் தலை வெட்டுப்பட்டிருந்தது. மற்றவர் முகமெல்லாம் முழுசாக இருந்ததால், அந்தப் பாதித் தலைதான் மருதப்பன் என்று முடிவு செய்துகொண்டார். முப்பது வருஷம் ஒரு மனிதன் பாதித் தலையோடு போட்டி போட்டான் என்றால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் அப்படித்தான். ராத்திரி படிப்புக்கு நூலகத்திலிருந்து யாப்பு, இலக்கணம் என்று அடுக்கடுக்காக எடுத்து வந்து தானே படித்ததும் அதற்குத்தான். ஒரு வரி. வெந்நீர் அண்டாவை இறக்கும்போதோ கொடியில் துணி போடும்போதோ அவள் தன்னையறியாமல் முணுமுணுக்கிற மாதிரி ஒரே ஒரு வரி தானும் எழுதிவிட வேண்டும். எழுதி, சாப்பிடும்போது சொல்லிக் காட்டுவார். "நல்லாருக்குங்க" என்பாள். அப்புறம் அதை ஒருநாளும் அவள் வாயில் கேட்டதில்லை.

"டைம் ஆயிடுச்சு சார்" என்றார் தேவசகாயம். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கமிருந்து நாற்பது, ஐம்பது பேர் வந்தார்கள். பவதாரணி முன்னால் வந்தாள். ஒல்லி, காட்டன் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்துப் பார்த்து, "கோட்டைத் தொட்டா அவுட்டா சார்?" என்றாள். பின்னால் சிரித்தார்கள். "உள்ள நில்லும்மா" என்றார். அவளிடம் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. போன மாசம் நூலக வாசலில் அனுமதி இல்லாமல் நின்று பேசியதற்காக. கடிதத்தைத் தட்டச்சு செய்தது அவர்தான். இரண்டாவது முறையாக, விதியிலிருந்து ஒரு விலகல் பதிவானால் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைப்பார்கள். திங்கட்கிழமை கடைசிப் பருவத் தேர்வு. அவளுடைய ஒரு வருஷம் இந்த அட்டையில், கடைசிக் கட்டத்தில் இருந்தது: விலகல் உண்டு, இல்லை. அவள் தாளை விரித்து முதல் வரியைச் சொன்னாள். கூட்டம் திருப்பிச் சொன்னது. அவர் ஒரு கோடு போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. குரல் நன்றாக இருந்தது, தொண்டையிலிருந்து இல்லாமல் வயிற்றிலிருந்து வருகிற குரல். திலகவதியின் குரல் இப்படியா இருந்திருக்கும்? வீட்டில் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. காய்கறிக்காரனைக் கூப்பிடுவதற்குக் கூட வாசலுக்கு நடந்து போவாள். ஐந்நூறு பேருக்கு நடுவில் அவள் வாய் திறந்து கத்தியபோது எப்படி இருந்தாள் என்பது மருதப்பனுக்குத் தெரியும், முன் வரிசையில் நனைந்த ஆளுக்கெல்லாம் தெரியும், கட்டியவனுக்குத் தெரியாது. நடுவில் இரும்புத் தகடு. தகட்டை இறக்கியவனும் அவனேதான். அதை அவளிடம் அவர் கடைசி வரை சொல்லவில்லை.

ஆறாவது வரி முடிந்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தது அவருடையது. 'நூலக நேரம் நீட்டிடுக, மாணவர் நலனைக் காத்திடுக.' மூன்று நாள் யோசித்து எழுதியது. தளை தட்டாது, எதுகை இல்லாவிட்டாலும் இயைபு உண்டு. மருதப்பனுடைய வரி இருந்த அதே இடத்தில், அதே எண்ணில், ஐம்பது குரல் இப்போது அதைத் தூக்கப் போகிறது. கேட்பதற்கு அவள் இல்லை, பரவாயில்லை, மரத்துக்காவது கேட்கட்டும். பவதாரணி தாளைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். பக்கத்தில் நின்ற குண்டுப் பெண்ணிடம் காட்டினாள். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னாள்: "ஐயையோ, இது என்னடி பவி, ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கு." இரண்டு வரிசை சிரித்தது. அவருக்குக் காது மடல் சுட்டது. பவதாரணி தாளை நாலாக மடித்தாள். மடித்துக்கொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தாள், மன்னிப்பு கேட்கிற பார்வையும் இல்லை, சவாலும் இல்லை; மூடியைத் திருகுவதற்கு முன்னால் பாட்டிலைப் பார்க்கிற பார்வை. "பூட்டுற கை உங்க கை!"

ஒரு நொடி. அந்த ஒரு நொடியை அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், ஜன்னலோரப் படுக்கையில், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகப் பார்த்து முடியாமல் திலகவதி அதை அவரிடம் நீட்டினாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை அவள் திறக்கக் கொடுத்தாள். அவர் வாங்கினார். அவள் மூச்சைச் சேர்த்து, அவர் முகத்தைப் பார்த்து, "பூட்டுற கை உங்க கை" என்றாள். நிறுத்தினாள். மூச்சு போதாமல் நிறுத்தினாளா, அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தினாளா? கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டில் லேசான சிரிப்போடு. 'உங்க கை' என்ற இடத்தில் அவருக்கு உடம்பு கூசியது. ஷட்டர் விஷயம் இவளுக்குத் தெரிந்துவிட்டதா, எப்போதுமே தெரியுமா? அப்புறம் உடனே, அதைவிடக் கேவலமாக, இந்த நேரத்திலுமா அவன் வரி என்று ஒரு எரிச்சல். நான்கே வார்த்தை. சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? மூடியைத் திறந்து, "தண்ணி குடி" என்றார். அவள் குடித்தாள். அடுத்த வியாழக்கிழமை போய்விட்டாள். இரண்டு வருஷம் நான்கு மாசமாக அந்த அரை வரி பதில் இல்லாமல் வீட்டில் நிற்கிறது, சமையலறையில், பீரோ முன்னால், எல்லா இடத்திலும். "திறக்கிற கை எங்க கை!" என்றது கூட்டம். தாள் இல்லாமலே அவர்களுக்கு அது தெரிந்திருந்தது. புங்கமரத்திலிருந்து இரண்டு காகம் எழுந்து பறந்தது. மறுபடி பவதாரணி, மறுபடி அவர்கள். ஐம்பது பேர் எவ்வளவு சுலபமாக அதை எடுத்துக்கொண்டார்கள். யாரும் யோசிக்கவில்லை. ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். அவனைப் பார்க்கவும் பொறாமையாக இருந்தது. மருதப்பன் மேல் மட்டும் இல்லை. பதில் சொல்லத் தெரிந்த எல்லார் மேலும்.

"சார், இது லிஸ்ட்ல இல்லையே" என்று தேவசகாயம் குனிந்தார். பேனா கடைசிக் கட்டத்தின் மேல் நின்றது. 'உண்டு' என்று எழுத மூன்று எழுத்துப் போதும். எழுதினால் விதிப்படி சரி; அவர் வேலையே அது. எழுதினால் மருதப்பனின் வரி குற்றப் பதிவேட்டில் ஏறும், முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறமாவது. அந்த இனிப்பை நாக்கில் அவர் உணர்ந்தார், உணர்ந்ததற்கு வெட்கமும் பட்டார். வெயிலில் அந்தப் பெண்ணின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. திங்கட்கிழமை தேர்வு. "இருக்கு" என்றார். "ஏழாவது." "ஏழாவதா?" தேவசகாயம் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார். "நீங்க சொன்னா சரி சார். எனக்கு இந்தப் பக்கத்துக் காது பீரங்கியில போயிடுச்சு." பார்த்த கண்ணுக்குக் காதைச் சாக்குச் சொன்னார். அம்பலவாணன் தன்னுடைய மாற்று வாசகத்துக்கு நேரே ஒரு கோடு போட்டார். அடுத்த தடவைக்கு இன்னொன்று. இருபத்து மூன்று கோடு. 'விலகல் இல்லை.' போட்டு முடித்த பிறகுதான் தான் செய்தது புரிந்தது. பெண்ணைக் காப்பாற்றியாயிற்று. கூடவே, பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் இன்றைக்கு ஐம்பது பேர் இருபத்து மூன்று தடவை சொன்னது அம்பலவாணனின் வரி. மருதப்பன் வாயே திறக்கவில்லை. இந்த இரண்டில் எதற்காகச் செய்தேன்? கேட்டுப் பார்த்தார். பேனாவை எட்டாவது வரிக்கு நகர்த்தினார்.

ஒரு மணிக்குக் கூட்டம் கலைந்தது. பவதாரணி கையெழுத்துப் போட வந்தாள், குரல் கம்மியிருந்தது. தாளில் விரல் வைத்து இறக்கிக்கொண்டே வந்தவள் ஏழாவதில் நின்றாள். "சார், இதை நாங்க சொல்லவே இல்லையே." "சொன்னீங்க." "இந்த ரேஷன் கடையையா?" "எனக்குக் கேட்டுச்சு. போடும்மா கையெழுத்தை." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மெல்ல விஷயம் ஏறியது. கண் கலங்கின மாதிரி இருந்தது. அதை மறைக்கச் சிரித்தாள். "யாரு சார் எழுதினது இது?" "ஆபீஸ்ல யாரோ." கையெழுத்துப் போட்டாள். போகத் திரும்பியபோது அவரையும் மீறிக் கேட்டுவிட்டார். "அந்த இன்னொண்ணு... அது உனக்கு எப்படித் தெரியும்? மருதப்பன்னு யாராவது..." "அது யாரு சார்? எங்க ரூம்ல எழுதியிருக்கு." "எந்த ரூம்ல?" "விடுதியில. பதினாலாம் நம்பர். மர அலமாரி இருக்குல்ல, அதோட கதவுக்கு உள்பக்கம். காம்பஸ் முனையால கீறி. நாங்க எல்லாரும் தினம் துணி எடுக்கறப்ப பாக்கறதுதான்."

பதினாலாம் நம்பர். திலகவதியின் கதைகள் எல்லாமே 'எங்க பதினாலாம் நம்பர்ல' என்றுதான் ஆரம்பிக்கும். வெளியே கேட்டதை வந்து எழுதி வைத்திருப்பாள், அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்தார், பழைய இடத்திலேயே மறுபடி குத்தியது. "ஒரே தடவையில எழுதல சார்" என்று பவதாரணி தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மேல மேல அடிச்சிருக்கும். முதல்ல 'மூடுற கை'ன்னு இருக்கும், அதை அடிச்சு 'அடைக்கிற கை', அதையும் அடிச்சு, அப்புறம்தான் பூட்டு. கீழயும் 'உடைக்கிற கை'ன்னு போட்டு அடிச்சு, 'திறக்கிற'. யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க." கேட்ட வரியை யாரும் அடித்து அடித்து எழுத மாட்டார்கள். ஆண்கள் காலெடுத்து வைக்க முடியாத கட்டடம் அது. "நாலு பேர் இருப்பாங்களேம்மா ஒரு ரூம்ல" என்றார், யாரிடமோ வாதாடுவது போல. "ஆமா சார். ஆனா ஒரே ஆள்தான். அடிக்கிற விதம் ஒரே மாதிரி. ரெண்டு கோடு போட்டு, கடைசியில நல்லா அழுத்தி ஒரு புள்ளி. மரத்துல குழியே விழுந்திருக்கு." அவள் போய்விட்டாள். தேவசகாயம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, "சார், வெயில்ல நிக்கறீங்க" என்றார்.

மருதப்பன் சொல்லுவான், நாங்க திருப்பிச் சொல்லுவோம். யார் சொன்னது என்று கேட்டார், சொன்னவனைச் சொன்னாள். யார் எழுதியது என்று கேட்கவேயில்லை. நிர்வாகக் கட்டடம் வரை நடந்த அந்த முந்நூறு மீட்டரில் அது மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. நல்லாருக்குங்க, நல்லாருக்குங்க என்று அவர் வரிகளையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, தெரிந்தவள். தன்னுடையதை ஏன் சொல்லவில்லை? சொல்லியிருப்பாள். ஏன் பொறாமையா என்று சிரித்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பாள். பிளஸ் டூக்காரனுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்துப் பார்த்து நடந்தவள். ஒரு எடுப்புப் பல்லையாவது இந்த மனுஷன் பொறுத்துக்கொள்வார், என்னைப் பொறுக்க மாட்டார் என்று நினைத்துவிட்டாளா? ஊறுகாய் பாட்டிலில் ஆரம்பித்து ஆஸ்பத்திரி பாட்டில் வரை அவள் நீட்டியது மருதப்பனுடையது அல்ல, அவளுடையது. அதைத்தான் போன வாரம் திங்கட்கிழமை ஸ்கேல் வைத்து அடித்தார். அதைத்தான் இன்றைக்கு இருபத்து மூன்று தடவை சொல்லப்படவில்லை என்று எழுதி, சாட்சியும் வாங்கி, முத்திரையும் குத்தப் போகிறார். திருத்தவும் முடியாது. திருத்தினால் அந்தப் பெண்ணின் வருஷம் போய்விடும். ரேஷன் கடை போர்டு பதிவேட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது, தன் பெயர் இல்லாமல், தன் கையெழுத்தில்.

மதிய இடைவேளையில் அலுவலகம் காலியாக இருந்தது. அறிக்கையைக் கோப்பில் சேர்த்தார். மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இளம்பச்சைப் படிவங்கள் இருந்தன: பெண்கள் விடுதிக்குள் ஆண்கள் செல்ல அனுமதி விண்ணப்பம். தச்சருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் அவர் எடுத்துக் கொடுப்பது. ஏழு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். பரிந்துரைக்க வேண்டியவர் கண்காணிப்பாளர், அவரேதான். ஒன்றை உருவினார். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். செல்ல வேண்டிய இடம்: அறை எண் பதினான்கு, மர அலமாரி. நோக்கம் என்ற இடத்தில் பேனா நின்றது. அப்புறம் 'ஒரு வாசகத்தைச் சரிபார்க்க' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். ஸ்கேல் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. வெறும் கையால் இரண்டு கோடு போட்டு, கடைசியில் தாள் அமுங்குகிற மாதிரி ஒரு புள்ளி வைத்தார். அதற்குக் கீழே எழுதினார்: 'பதில் சொல்ல.'